கொடைக்கானல்ல வாங்குன கல்பாசி: மணம் சூப்பர், ஆனா எங்க எடுத்ததுன்னு எழுதல

ஏழு ரோடு பக்கம் ஒரு மசாலா கடைல போன வாரம் கல்பாசி 50 கிராம் வாங்கினேன், 120 ரூபா. மணத்துக்கு கண்ண மூடிட்டு முழு மார்க் போடலாம். காஞ்ச பூ மாதிரி சுருண்டு கெடக்கு, ஒரு பக்கம் சாம்பல் கலர், திருப்புனா கருகருன்னு இருக்கு, அங்கங்க மரப்பட்டை துணுக்கு வேற ஒட்டிட்டிருக்கு. எண்ணெய் காஞ்சதும் ரெண்டு இதழ் போட்டேன், பக்கத்து வீட்டு அக்கா வாசல்ல நின்னு "என்ன தம்பி மட்டனா"ன்னு கேட்டாங்க.

ஆனா பாக்கெட்ல எந்தப் பக்கம் எடுத்ததுன்னு ஒரு வார்த்தை இல்ல. கடைக்கார அண்ணன்ட்ட கேட்டா "எல்லாம் மலைல எடுத்ததுதான்"னு முடிச்சுட்டாரு. வேற ஊரா இருந்தா நானும் விட்டுருப்பேன், இது கொடைக்கானல்.

கல்பாசிக்கு வேர் கிடையாதுங்க. மழை, பனி, காத்துல வர்றத வச்சே வளருது, காத்துல உலோகம் இருந்தா அதையும் உறிஞ்சி உள்ளயே சேத்து வச்சுக்கும். அதனாலதான் பாம்பார் சோலைக்கு மேல இருந்த தெர்மாமீட்டர் ஃபேக்டரிய 2001ல மூடுனப்புறம், பாதரசம் காத்துல எவ்வளவு பரவியிருக்குன்னு பாக்க லைக்கனையும் (பூஞ்சையும் பாசியும் சேந்து வளர்றது, கல்பாசியும் அதுல ஒரு வகைதான்) பாசியையும்தான் விஞ்ஞானிங்க சோதிச்சாங்க, 2003ல அந்த ஆய்வு வந்துச்சு. 2006ல ஏரி மீன்லயும் பாதரசம் இருக்குன்னு இன்னொன்னு வந்துச்சு. மூஞ்சிக்கல் பழைய சாமான் கடைல அந்த ஃபேக்டரியோட பாதரசம் பட்ட உடைஞ்ச கண்ணாடி 7.4 டன் கெடந்தத எங்க ஊர்ல யாரும் மறக்கல.

நியூயார்க்ல 2010லேர்ந்து 2015 வரைக்கும் 825 புறாவோட ரத்தத்த பாத்துருக்காங்க, எந்த ஏரியா புறாவுக்கு ஈயம் ஜாஸ்தியோ அந்த ஏரியா பிள்ளைங்களுக்கும் ஜாஸ்தியா இருந்துருக்கு. புறா மாசு எங்க இருக்குன்னு காட்டிக்குடுத்த மாதிரி, நம்ம ஊர்ல அந்த வேலைய மரத்துல ஒட்டியிருக்கற கல்பாசியே செய்யுது, அதத்தான் நாம பிரியாணில போடுறோம்.

நல்லா கழுவுனா போச்சுன்னு சிலர் சொல்றாங்க, மேல இருக்கற தூசி போகும், உள்ள ஏறுனது போகாது.

நான் வாங்குனதுல பாதரசம் இருக்குன்னு சொல்லல, டெஸ்ட் பண்ணாம அப்படி சொல்றது தப்பு. எடுத்த இடத்த லேபிள்ல போடுங்க, வருஷத்துக்கு ஒரு தடவையாவது லேப்ல குடுத்து ரிசல்ட்ட கடைல ஒட்டுங்க, அவ்வளவுதான் கேக்கறேன்.

இப்போதைக்கு அஞ்சுக்கு மூணு. லேபிள் மாத்துனா சொல்லுங்க அண்ணே, விலை கூட இருந்தாலும் கால் கிலோ எடுத்துக்கறேன், திண்டுக்கல் அத்தை ரெண்டு மாசமா கேட்டுட்டே இருக்காங்க.