நெனேயா, தாமிஹானாவா?

எங்கள் வாசகர் வட்டத்தில் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் 19ஆம் நூற்றாண்டுத் தலைவர் ஒருவரைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருந்தேன். தாமத்தி வாக்கா நெனே, விரெமு தாமிஹானா என்ற இருவரில் யாரை எடுப்பது என்று சில நாள் இழுபறி. கடைசியில் தாமிஹானாவைத்தான் எடுத்தேன்.

இருவரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள். வெள்ளையரோடு வணிகம் வேண்டும், எழுத்து வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

1840 பிப்ரவரி, வைத்தாங்கி. பிரிட்டிஷ் அரசோடு ஒப்பந்தம் செய்வதா என்று மாவோரித் தலைவர்கள் கூடிப் பேசிய இடம். ஆளுநரே வேண்டாம் என்று பலர் பேசிக்கொண்டிருந்தபோது நெனே எழுந்து, ஆளுநராக வந்திருந்த ஹாப்சனை இருக்கச் சொன்னார். நிலம் ஏற்கெனவே கைமாறத் தொடங்கிவிட்டது, இனி வெள்ளையரை அனுப்ப முடியாது என்பது அவர் கணக்கு. 1845இல் வடக்கின் இன்னொரு மாவோரித் தலைவர் ஹோனே ஹெக்கே பிரிட்டிஷ் அரசோடு மோதியபோதும் அரசின் பக்கமே நின்றார். அவரைத் துரோகி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் நிலத்தை விற்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது? என் தேர்வை முடிவு செய்தது இந்தக் கேள்விதான். வைத்தாங்கி ஒப்பந்தப்படி மாவோரிகள் அரசுக்கு மட்டுமே விற்க முடிந்தது. வாங்குபவர் ஒருவரே என்றால் விலையும் அவர் சொல்வதுதான். அதற்கும் மேல், குலத்தில் ஒருவர் சம்மதித்தாலே போதும், எல்லாருடைய நிலத்துக்கும் ஆபத்து. 1860இல் வைத்தாராவில் இதுதான் நடந்தது: தெய்ரா விற்க முன்வந்தார், மூத்த தலைவர் விரெமு கிங்கி மறுத்தார், அரசு தெய்ராவின் சொல்லை ஏற்றது, போர் மூண்டது.

தாமிஹானா இந்த ஆபத்தை முன்பே உணர்ந்திருந்தார். 1858இல் போத்தாத்தாவு மாவோரிகளின் மன்னரானதில் அவர் பங்கு பெரிது. நிலத்தை மன்னரின் பொறுப்பில் வைத்தால் தனியாள் விற்க முடியாது. இரண்டு குச்சிகளை நட்டு, ஒன்று மன்னர், ஒன்று ஆளுநர், குறுக்கே வைத்தது சட்டம் என்று விளக்கினாராம். பிரிட்டிஷ் அரசியை எதிர்க்காமலே தன் மக்களுக்கு இடம் கேட்ட அந்த விளக்கம் என்னை அசைத்துவிட்டது.

1863இல் அரசின் படை மாவோரி மன்னரின் பகுதியான வைக்காட்டோவுக்குள் நுழைந்தது. சுமார் 12 லட்சம் ஏக்கர் பறிபோனது. நெனேயின் வடக்கில் அப்படிப் பறிமுதல் நடக்கவில்லை. அது அவர் பக்கத்து நியாயம், ஒப்புக்கொள்கிறேன். மாவோரி மொழி தெரியாமல் ஆங்கிலம் வழியே படித்தவன் நான், அதனால் அவர்கள் சொற்களின் முழு எடை எனக்குப் பிடிபட்டிருக்காது.

நிலத்தைத் திருப்பித் தரும்படி நாடாளுமன்றத்துக்கு மனு எழுதிய தாமிஹானா 1866இல் இறந்தார். அந்தப் பறிமுதலுக்கு மன்னிப்புக் கேட்கும் சட்டத்தில் இரண்டாம் எலிசபெத் கையெழுத்திட்டது 1995இல்.