பழைய மாஸி டிராக்டரைப் பழக்கித் தரும் மாதவரம் பட்டறை

பொன்னேரி பக்கம் மாமாவுக்கு இரண்டு ஏக்கர் நெல் வயல். அவருடைய மாஸி பெர்குசன் 1035 இந்த வருஷம் என் பொறுப்புக்கு வந்தது. பெரம்பூரில் பதினைந்து வருஷமாகக் கார் ஓட்டுகிறேன். அந்தத் தைரியத்தில் ஏறி உட்கார்ந்தால், ஸ்டார்ட் செய்யவே முடியவில்லை. லீவர்களுக்குப் பக்கத்தில் இருந்த எழுத்தெல்லாம் தேய்ந்து போயிருந்தது. வீட்டுப் பக்கத்து டிரைவிங் ஸ்கூலில் கேட்டேன். "கார் தெரிஞ்சா போதும் சார்" என்றார்கள். போதாது.

கடைசியில் கிடைத்தது இந்தப் பட்டறை. மாதவரம் ரவுண்டானாவிலிருந்து செங்குன்றம் போகும் வழியில், லாரி பட்டறைகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. பெயர்ப்பலகை கிடையாது. மெக்கானிக் அண்ணாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை, தலா மூன்று மணி நேரம், மொத்தம் 2,000 ரூபாய்.

முதல் ஒரு மணி நேரம் எஞ்சினைத் தொடவே விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு லீவரையும் கையால் தேடிப் பிடிக்கச் சொன்னார். இந்த மாதிரி வண்டிக்கு இதைவிட நல்ல பாடம் இருக்க முடியாது என்பேன். உழும்போது பாதி நேரம் கழுத்தைத் திருப்பிக் கலப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம், லீவரைக் கண்ணால் தேட முடியாது.

நான் மாட்டிக்கொண்ட விஷயமும் அங்கேதான் தெளிவானது. கியர் லீவர் இரண்டு. ஒன்று வழக்கமான கியர், இன்னொன்று வேகமான வரிசை, மெதுவான வரிசை என்று மாற்றும் ஹை–லோ. அந்த ஹை–லோ லீவர் நடுவில் நியூட்ரலில் நின்றால்தான் ஸ்டார்ட்டர் வேலை செய்யும். சாவியைத் திருப்பினால் எஞ்சின் நிற்காது. டீசலை அடைக்கும் ஸ்டாப் குமிழை இழுத்துப் பிடிக்க வேண்டும்.

அப்புறம் கிளட்ச். இந்த வண்டியில் இரட்டைக் கிளட்ச். பாதி மிதித்தால் சக்கரத்துக்குப் போகும் ஓட்டம் அறுந்துவிடும், முழுசாக மிதித்தால்தான் பின்னால் மாட்டும் கருவிகளைச் சுற்ற வைக்கும் பி.டி.ஓ. தண்டும் நிற்கும். அந்தப் பாதி எங்கே என்று காலுக்குப் பிடிபட எனக்கு முழு காலை ஆனது. கார் பழக்கத்தில் ஓடும்போதே இரண்டாவது கியருக்கு மாற்றப் போனேன். கரகரவென்று பல் உரசும் சத்தம். அண்ணா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "இது நின்னாத்தான் கியர் மாத்தும் தம்பி. எந்த கியர்ல வேலைன்னு முன்னாடியே முடிவு பண்ணிக்கோ." ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் கை ஆக்ஸிலரேட்டரும் வைத்த இடத்திலேயே நிற்கும். பயத்தில் காலைத் தூக்கினால் வேகம் குறையாது. கார்க்காரர்கள் முதலில் மறக்க வேண்டியது இதைத்தான்.

பிரேக் விஷயத்தில் கண்டிப்பானவர். வலது காலடியில் இரண்டு பெடல், ஒவ்வொன்றும் ஒரு பின்சக்கரத்துக்கு. வயலில் ஒன்றை மட்டும் மிதித்து வரப்போரம் சட்டென்று திருப்பலாம். ரோட்டில் ஏறும் முன் இரண்டையும் கொக்கி போட்டு இணைத்தே ஆக வேண்டும். வேகத்தில் ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி கவிழும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஹைட்ராலிக் பாடம். சீட்டுக்கு வலப்பக்கம் இரண்டு லீவர். ஒன்று கலப்பையை எந்த உயரத்தில் வைக்கிறோமோ அங்கேயே நிறுத்தும். மற்றது மண்ணின் இழுவைக்கு ஏற்றபடி கலப்பையை ஏற்றி இறக்கும். கொட்டகைக்குப் பின்னால் காலி மனையில் கொக்கிக் கலப்பையை இறக்கி, திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டச் சொன்னார். இளமண்ணிலிருந்து இறுகிய தரைக்குப் போனதும் கலப்பையின் மேல்பக்கத்தை டிராக்டரோடு இணைக்கும் டாப் லிங்க் கம்பி முன்னால் தள்ளி ஸ்பிரிங்கை அமுக்கியது. கலப்பை தானாக விரற்கடை உயர்ந்தது. எஞ்சின் சத்தம் ஒரு கணம் கனத்து, மறுபடி சீரானது. இந்த வண்டியின் பெயரில் இருக்கும் ஹாரி பெர்குசன் 1930களிலேயே டிராக்டரில் கொண்டுவந்த ஏற்பாடு அது. எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லாமல் இன்றும் வேலை செய்கிறது, பார்க்கப் பார்க்க மனசு நிறைந்தது. இந்தியாவில் மாஸி டிராக்டர்களைச் செய்யும் டாஃபே கம்பெனி 1960-ல் தொடங்கியது நம் சென்னையில், அதன் செம்பியம் தொழிற்சாலை வாசலை எத்தனையோ முறை பைக்கில் கடந்திருக்கிறேன். உள்ளே என்ன செய்கிறார்கள் என்பதன் அர்த்தம் இப்போதுதான் புரிகிறது.

குறையும் உண்டு. காலி மனை சின்னது, நீளமாக ஒரு சால் ஓட்ட முடியாது. டிரெய்லர் மாட்டி ரிவர்ஸ் எடுக்க அங்கே இடமே இல்லை. அதை நான் பொன்னேரியில்தான் பழக வேண்டியிருக்கிறது. மழை பெய்தால் பின்பக்கம் சேறாகிவிடும், அன்று வகுப்பு கிடையாது.

போகிறவர்கள் காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். அதற்கப்புறம் பட்டறைக்கு வரும் லாரிகள் வழியை அடைத்துவிடும். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொண்டு போங்கள்.