சிபிபி பிளேடு சீல் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் முன்

டிரை டாக்கில் சிபிபி (ஓடும்போதே பிளேடின் கோணத்தை, அதாவது பிட்சை, மாற்றக்கூடிய ப்ரொப்பெல்லர்) வேலை கொடுக்கப் போகிற சீஃப் இன்ஜினியர்களும் சூப்பரின்டென்டென்ட்களும் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நான்கு பிளேடு, இரட்டை ஷாஃப்ட் சப்ளை கப்பல். எட்டு பிளேடுக்கும் சீல் மாற்றியது, பேரிங் ரிங் மாற்றியது, பிரஷர் டெஸ்ட் திருப்தி என்று ஒப்பந்தக்காரர் ரிப்போர்ட் தந்தார், முழுப் பணமும் வாங்கிக்கொண்டார். கடலுக்குப் போன சில வாரங்களிலேயே போர்ட் (இடது) பக்க ஹப்பில், அதாவது பிளேடுகள் பொருந்தும் நடுக்குமிழில், இருந்த எண்ணெய் பால் போல வெளுத்துவிட்டது, தண்ணீர் உள்ளே புகுந்ததன் அடையாளம். கம்பெனிப் பெயர் இங்கே வேண்டாம். எந்தெந்த இடத்தில் கை வைத்தார்கள் என்று தெரிந்தால் போதும்.

மறுபடி டாக் ஏற்றிப் பிளேடைக் கழற்றியதும் முதலில் சிக்கியது ஓ-ரிங், எண்ணெய் வெளியே போகாமலும் தண்ணீர் உள்ளே வராமலும் தடுக்கும் ரப்பர் சீல். தயாரிப்பாளர் அனுப்புவது ஒரே அச்சில் வார்த்த முழு வளையம். அங்கே கிடந்தது ரப்பர் கயிற்றைச் சாய்வாக வெட்டி ஒட்டிய வளையம். ஷாஃப்ட் சீலில், ஷாஃப்டைக் கழற்றாமலே உரிய கிட் வைத்து அந்த இடத்திலேயே ஒட்டும் முறை உண்டு, அது தயாரிப்பாளரே ஏற்ற வேலை. பிளேடு அடிச் சீலில் அந்தச் சாக்கு செல்லாது, பிளேடைத்தான் கழற்றிவிட்டோமே! பிட்ச் மாறும்போதெல்லாம் பிளேடு அடி அந்த ரப்பரைத் தேய்த்துத் திருப்புகிறது. முதலில் வாய் திறப்பது ஒட்டு. விரல் நகத்தால் வளையத்தைச் சுற்றித் தடவினாலே சின்ன மேடு தட்டுப்படும். பாக்கெட்டைப் பிரிக்கும்போது நம் ஆள் பக்கத்தில் நிற்கட்டும். பார்ட் நம்பர், தயாரித்த தேதி, ரப்பர் வகை மூன்றையும் படம் எடுக்கட்டும். சுற்றுச்சூழலுக்கு ஏற்ற எஸ்டர் எண்ணெய் ஓடும் ஹப்பில் சாதாரண நைட்ரைல் ரப்பர் ஊதிப்போக வாய்ப்புண்டு, எனவே ரப்பர் வகையை எண்ணெயோடு சேர்த்தே கேளுங்கள்.

பிளேடு அடியைத் தாங்கும் பேரிங் ரிங் மாற்றவே இல்லை. பில்லில் மட்டும் இருந்தது. இதைப் பிடிக்க எளிய வழி: வேலைக்கு முன்னும் பின்னும் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வைத்து, பிளேடைத் தூக்கி இறக்கி ஆட்டத்தை அளந்து எழுதி வாங்குவது. இரண்டு அளவும் ஒன்றாகவே இருந்தால் எதை மாற்றினார்கள்? கழற்றிய பழைய ரிங், பழைய சீல், பழைய போல்ட் எல்லாம் கப்பல் ஸ்டோருக்கு வரவேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.

சீல் பள்ளத்தில் பிளாஸ்டிங் கிரிட்டும் (துரு, பெயின்ட் நீக்க வீசி அடிக்கும் துகள்) இருந்தது. ஹல்லுக்கு பிளாஸ்டிங் நடக்கும்போது பிளேடு வாயை மூடாமல் விட்டிருக்கிறார்கள். சீலை அறுக்க ஒரு மணல் துகள் போதும்.

பிரஷர் டெஸ்ட்தான் பெரிய ஏமாற்று. ஹெட் டேங்க் (ஹப் எண்ணெய்க்கு அழுத்தம் தர உயரத்தில் வைக்கும் தொட்டி) வரை எண்ணெய் நிரப்பி, சும்மா நிற்க வைத்து, சொட்டு விழவில்லை என்று டிக் போட்டார்கள். அசையாத சீல் ஒழுகாமல் இருப்பது பெரிய விஷயமே இல்லை. செய்யவேண்டியது இது: தயாரிப்பாளர் சொன்ன அழுத்தத்தில் வைத்து, பவர் பேக்கை (பிட்ச் மாற்றும் ஹைட்ராலிக் பம்ப்) ஓட்டி, ஃபுல் அஹெட்டிலிருந்து ஃபுல் அஸ்டர்ன் வரை பலமுறை பிட்ச் மாற்றவேண்டும். டர்னிங் கியரால் ஷாஃப்டைத் திருப்பி ஒவ்வொரு பிளேடையும் கீழே கொண்டுவந்து, அடியைத் துடைத்து, டை பெனிட்ரன்ட் டெஸ்டில் (சாயம் பூசி விரிசல் தேடும் சோதனை) வரும் வெள்ளை டெவலப்பரை அடித்துவிட்டால் மெல்லிய கசிவும் கறையாகத் தெரியும்.

ஹெட் டேங்க் உயரத்தையும் ஒரு கை கணக்குப் போட்டுப் பாருங்கள். ஷாஃப்ட் மையம் நீர்மட்டத்துக்கு 5 மீட்டர் கீழே என்றால், கடல்நீரின் அடர்த்தி 1.025, எண்ணெய் சுமார் 0.9. வெளி அழுத்தத்துக்குச் சமமாகவே 5.7 மீட்டர் எண்ணெய் நிற்கவேண்டும், அதாவது நீர்மட்டத்துக்கு மேலே 0.7 மீட்டர். எண்ணெய்தான் வெளியே தள்ளவேண்டும் என்பதால் டேங்க் அதைவிட நன்றாக மேலே இருக்கும். லோடு டிராஃப்டில் (சரக்கேற்றிக் கப்பல் ஆழமாக அமரும்போது) டேங்க் லெவல் குறைந்திருந்தால் நல்ல சீலும் தண்ணீரை உள்ளே விடக்கூடும். ஒப்பந்தக்காரர் பழியைத் தள்ளுவதும் இங்கேதான், அதனால் லெவலை லாக் புக்கில் எழுதி வையுங்கள்.

பிளேடு போல்ட்டில் டார்க் (முறுக்கு விசை) அளவை மட்டும் எழுதித் தந்தால் ஏற்காதீர்கள். கொடுக்கும் டார்க்கில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கிறது, மீதி உராய்வில் போகிறது. த்ரெட் அழுக்காக இருந்தால் இழுப்பு இன்னும் குறையும். நீட்சி அளக்கும் வசதியுள்ள போல்ட் என்றால் நீட்சி அளவையும், எந்த லூப்ரிகன்ட் பூசினார்கள் என்பதையும் கேளுங்கள்.

இன்னொன்று, பூஜ்ய பிட்ச், அதாவது பிளேடு கப்பலைத் தள்ளாத நிலை. ஃபீட்பேக் (பிளேடு கோணத்தைத் திரும்பக் காட்டும்) இணைப்பைக் கழற்றி மாட்டியவர்கள், பிரிட்ஜ் மீட்டரை மட்டும் பூஜ்யத்துக்குத் திருகிவிட்டுப் போயிருந்தார்கள். பிட்ச் பூஜ்யம் காட்டியபடியே கப்பல் மெதுவாக முன்னே நகர்ந்தது. பெர்த் பக்கத்தில் இது விளையாட்டல்ல. டாக்கில் தண்ணீர் விடும் முன்பே, பிளேடு அடியிலும் ஹப்பிலும் உள்ள குறிகள், ஓ.டி. பாக்ஸ் (சுழலும் ஷாஃப்டுக்குள் எண்ணெய் செலுத்தும் பெட்டி) ஸ்கேல், பிரிட்ஜ் மீட்டர் மூன்றும் ஒன்றாக நிற்கின்றனவா என்று ஒரே நேரத்தில் பார்த்து எழுதவேண்டும்.

வாரன்டி கேட்டபோது, உங்கள் ஆள் திருப்தி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாரே என்றார்கள். பார்க்காத வேலைக்கு எதிரே “கப்பல் தரப்பு நேரில் பார்க்கவில்லை” என்று எழுதிக் கையெழுத்திடுங்கள், சண்டை போட்டாலும் பரவாயில்லை. கடைசித் தவணைப் பணத்தை, கடலில் எடுக்கும் முதல் எண்ணெய் சாம்பிள் லேப் ரிசல்ட் வரும்வரை நிறுத்தி வைக்கும் ஷரத்தை ஆர்டரில் சேருங்கள். லேப் வரும்வரை வாரம் ஒருமுறை ஒரு சொட்டை ஹாட் பிளேட்டில் விட்டுப் பாருங்கள். படபடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது. எஸ்டர் எண்ணெய் என்றால் தண்ணீர் அதைச் சிதைத்து அமிலமாக்கும், ஆகையால் ஆசிட் நம்பரையும் சேர்த்துக் கேளுங்கள்.