ஜோடியாகக் கட்டட வேலைக்குப் போகும் பெண்களே, பதிவேட்டைப் பாருங்கள்

வீட்டுக்காரரோடு ஜோடியாகக் கட்டட வேலைக்குப் போகிறீர்களா? வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயர் தனியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எங்கள் ஒப்பந்தக்காரர் ஆண்கள் பெயரை மட்டும் எழுதி, பக்கத்தில் "+1" என்று போட்டுவிடுவார். அந்த +1 நான்தான். கலவை போட்டது, செங்கல் சுமந்தது, கான்கிரீட் நாளில் சாரத்தில் நின்று சட்டி மாற்றியது எல்லாம் அதற்குள் அடக்கம்.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அந்த மாதமே சைட்டை மூடிவிட்டார்கள். நின்றுபோன கூலியைக் கேட்டால், ஒப்பந்தக்காரர் என் வீட்டுக்காரருடைய கணக்கை மட்டும் தீர்த்தார். என் கணக்கு? "பேரே இல்லையேம்மா" என்றார். தினமும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு வேலை வாங்கிய வாய்தான் அது! வீட்டுக்காரரும் சண்டை போட்டுப் பார்த்தார், அசையவில்லை. மேலே இருந்த கம்பெனி கொடுத்த நிவாரணமும் பதிவேட்டுப்படிதான் வந்தது. +1-க்கு ஒன்றும் கிடையாது.

திரும்பத் திறந்தபோது, இடைவெளி விடவேண்டும் என்று முதலில் நிறுத்தியது சித்தாட்களைத்தான். மிச்சமிருந்த நாங்கள் இரண்டு ஆள் சுமையைத் தூக்கினோம், கூலி மட்டும் பழையதே. பள்ளிக்கூடம் மூடியிருந்த நேரத்தில் குழந்தைகளை சைட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்றும் உத்தரவு.

அப்புறம் மாஸ்க். என்95 என்று கொடுத்துவிட்டு அதற்கும் கூலியில் பிடித்தார், ரசீது கிடையாது. எல்லாம் ஒரே பெரிய சைஸ். எனக்குத் தாடைக்குக் கீழே விரல் போகும் அளவுக்கு இடைவெளி. போட்டதும் இரண்டு கையாலும் மாஸ்க்கைப் பொத்தி வேகமாக மூச்சை விட்டுப் பாருங்கள். ஓரத்தில் காற்று கசிந்தால் கிருமியும் சிமெண்ட் தூசியும் அந்த வழியாகவே உள்ளே வரும். சின்ன சைஸ் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

சுத்தம் செய்ய ஆள் இல்லை என்று பெண்கள் கழிப்பறையையும் பூட்டிவிட்டார்கள். அந்த வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்த்தோம். கட்டுமான இடத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறையும் கைகால் கழுவ இடமும் வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 167ஆம் உடன்படிக்கை 1988லேயே சொல்லியிருக்கிறது. இதைச் சொன்னால் எங்கள் மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்தது.

என்னோடு வேலை பார்த்த அக்கா ஒருத்திக்குக் கூலி பாக்கி கிடைத்தது. "நாளைக்கு கான்கிரீட், சீக்கிரம் வந்துடு" என்று மேஸ்திரி வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் செய்திகளை அவள் அழிக்காமல் வைத்திருந்தாள். பெயரே இல்லை என்று அவளிடம் சொல்ல முடியவில்லை. நீங்களும் அப்படிச் செய்திகளை வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை பதிவேட்டுப் பக்கத்தைப் படம் எடுங்கள். கூலியை உங்கள் கணக்கில் போடச் சொல்லுங்கள், ஜோடிக்கும் சேர்த்து ஒரே கையில் வேண்டாம்.

என் பாக்கி இன்னும் வரவில்லை. அந்த ஒப்பந்தக்காரர் இப்போது புது சைட்டுக்கு ஜோடி தேடிக்கொண்டிருக்கிறார்.