இரண்டு மணிக் கூட்டமும் இசட் எழுத்தும்

மதுரையில் இருந்துகொண்டு லண்டன் நிறுவனம் ஒன்றுக்குக் கணக்குச் சரிபார்த்துக் கொடுக்கிறேன். மின்னஞ்சலுக்கு அவர்கள் ஒரு மென்பொருள் வைத்திருக்கிறார்கள். நான் வைத்திருப்பது தண்டர்பேர்ட். 2020இல் வந்த 78ஆம் பதிப்பிலிருந்து நாட்காட்டி அதற்குள்ளேயே இருப்பதால் அதைத் தேர்ந்தெடுத்தேன். நான்கு ஆண்டுகளாக இரண்டுக்கும் சம்பந்தி வீட்டு உறவுதான்: வெளியே சுமுகம், உள்ளே உரசல்.

முதல் மாதம் கூட்ட அழைப்புக்குப் பதிலாக 'வின்மெயில்.டாட்' என்று திறக்க முடியாத ஓர் இணைப்பு வந்தது. அங்கிருந்து மடல், அவர்கள் மென்பொருளுக்கே உரிய ரிச் டெக்ஸ்ட் வடிவில் கிளம்பியதே காரணம். எல்லோருக்கும் பொதுவான எச்டிஎம்எல் வடிவுக்கு மாற்றச் சொன்னேன், தீர்ந்தது.

அடுத்தது, ஏற்கவோ மறுக்கவோ பொத்தானே வரவில்லை. இது என் வினை. அழைப்பு என் பழைய முகவரிக்குப் போய், அங்கிருந்து புதிய பெட்டிக்குத் திருப்பி விடப்பட்டிருந்தது. அழைக்கப்பட்டோர் பட்டியலில் பழைய முகவரி இருக்க, பெட்டி வேறு முகவரியில் இருக்க, நான் யாரென்று மென்பொருளுக்குப் புரியவில்லை. பழைய முகவரியையும் என் கணக்கில் கூடுதல் அடையாளமாகச் சேர்த்த பிறகே பொத்தான் தலைகாட்டியது.

இவை இரண்டும் கண்ணுக்குத் தெரிந்த கோளாறுகள். மூன்றாவது தெரியாமலே இருந்தது. வியாழன்தோறும் லண்டன் நேரம் பகல் இரண்டு மணிக்குக் கூட்டம். நமக்கு இரவு ஏழரை. குளிர்காலம் முழுவதும் பிசகில்லை. மார்ச் கடைசி ஞாயிறன்று பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள். அதற்கடுத்த வியாழன் ஏழரைக்கு உள்ளே நுழைந்தால் ஆளில்லை. ஆறரைக்கே தொடங்கி முடித்துவிட்டிருந்தார்கள்.

கணினியின் நேர மண்டலத்தை நோண்டி அரை நாள் வீணானது. பிறகுதான் கூட்ட விவரம் அடங்கிய, அழைப்பின் .ஐசிஎஸ் கோப்பைச் சேமித்து நோட்பேடில் திறந்தேன். அது வெறும் எழுத்துக் கோப்பு, யாரும் படிக்கலாம். தொடக்க நேரத்தின் கடைசியில் 'இசட்' என்ற எழுத்து இருந்தது. அப்படி இருந்தால் அது யுடிசி எனும் உலகப் பொது நேரம். கோடையென்றும் குளிரென்றும் அதற்குப் பேதமில்லை. வாராவாரம் வரும் கூட்டத்துக்கு லண்டன் மண்டலத்தின் பெயரும், கடிகாரம் எப்போது மாறும் என்ற விதியும் கோப்பிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். அலுவலகத்துக்குள் இருப்பவர்களுக்கு அவர்களுடைய சர்வரே சரியான நேரத்தைக் காட்டிவிடுகிறது. வெளியாளான எனக்கு மட்டும் ஏதோ ஒரு கருவி இப்படித் தனிக் கோப்பு தயாரித்து அனுப்பியிருந்தது. இத்தனைக்கும் ஐகேலண்டர் என்ற இந்தப் பொது வடிவம் 1998லிருந்து இருக்கிறது!

படம் பிடித்து அனுப்பினேன். மறுவாரமே மண்டலப் பெயரோடு புதிய அழைப்பு வந்தது. ஆனால் பழைய அழைப்பைத் திருத்தாமல் புதிதாக ஒன்றை உருவாக்கியிருந்தார்கள். ஒவ்வொரு நிகழ்வுக்கும் யுஐடி என்ற அடையாள எண் உண்டு. அது மாறினால் வாங்கும் மென்பொருளுக்கு இரண்டும் வேறு வேறு கூட்டங்கள். ஆறரைக்கு ஒன்று, ஏழரைக்கு ஒன்று என என் நாட்காட்டியில் இரட்டைப் பிள்ளைகள்.

பழையதை நானே அழித்தேன். ஏற்பாட்டாளருக்குத் தெரிவிக்கவா என்று கேட்டது. பழக்கதோஷத்தில் 'ஆம்' அழுத்திவிட்டேன், கூட்டத்துக்கு வரமாட்டேன் என்ற மறுப்பு அங்கே போய்விட்டது. நான் வேலையை விட்டுவிட்டேனோ என்று லண்டனிலிருந்து விசாரித்து ஒரு மடல் வந்தது.