டெல்லி கணேஷைத் தேடுவோருக்கு இந்தத் தளம் போதுமா?

பழைய தமிழ்ப் படங்களை மாதச் சந்தாவுக்குக் காட்டும் இணையத் தளம் ஒன்றை, டெல்லி கணேஷ் என்ற ஒரே நடிகரை வைத்து எடைபோட்டுப் பார்த்தேன். கதாநாயகர்களின் படங்களை எல்லாத் தளங்களும் ஒழுங்காகவே அடுக்கி வைக்கின்றன. 400க்கும் மேற்பட்ட படங்களில் அப்பாவாகவும் மாமாவாகவும் நண்பராகவும் வந்துபோன ஒருவரை எப்படி நடத்துகிறது என்பதில்தான் ஒரு தளத்தின் அக்கறை தெரியும்.

தேடலிலேயே குறை தொடங்கிவிடுகிறது. அவர் பெயரைத் தமிழில் இட்டால் அண்மைக்காலப் படங்கள் சில மட்டுமே வருகின்றன. மிருதங்க வித்வானாக அவர் நடித்த 'சிந்து பைரவி'யும் (1985), வேலு நாயக்கரின் உடனிருக்கும் ஐயராக நடித்த 'நாயக'னும் (1987) அதே தளத்தில்தான் இருக்கின்றன. ஆனால் விவரக் குறிப்பில் முதன்மை நடிகர்கள் இருவர் மூவருக்கு மேல் எவர் பெயரும் ஏற்றப்படவில்லை. போதாக்குறைக்கு, படத்தின் தொடக்கத்தில் பெயர்கள் ஓடும்போது அவற்றைத் தாண்டிச் செல்ல ஒரு பொத்தான் வேறு திரையின் மூலையில் முளைக்கிறது. துணை நடிகர்களுக்குக் கிடைத்த ஒரே இடம் அதுதான் என்று அதை வைத்தவருக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

துரை இயக்கிய 'பசி' (1979) மங்கிய பிரதியாகவே கிடைக்கிறது. ஷோபாவின் தந்தையாக, ரிக்‌ஷா இழுப்பவராக அவர் நடித்து, தமிழக அரசின் சிறப்புப் பரிசைப் பெற்றுத் தந்த படம் இது. இருண்ட காட்சிகளில் முகம் கரைந்துபோனாலும் குரல் தெளிவாகக் கேட்கிறது என்பது ஓரளவு ஆறுதல். ஏனெனில் இந்த நடிகரின் தொழில் குரலில்தான் குடியிருந்தது. 1964 முதல் 1974 வரை விமானப் படையில் பணியாற்றிய அவர், டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவிலும், பின்னர் காத்தாடி ராமமூர்த்தியின் குழுவிலும் நடித்துப் பழகியவர். மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்த பலரிடம் கடைசி வரை ஒட்டிக்கொண்டிருந்த உரத்த பேச்சு அவரிடம் இல்லை. வசனத்தின் கடைசிச் சொல்லை வாய்க்குள்ளேயே விழுங்குவதும், எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும் வரை முகத்தால் பதில் சொல்லிக்கொண்டிருப்பதும் அவர் வழி.

இந்த நுணுக்கத்தைத்தான் தளத்தின் மொழிபெயர்ப்பு வசன வரிகள் (சப்டைட்டில்கள்) கெடுக்கின்றன. 'மைக்கேல் மதன காம ராஜன்' (1990) படத்தின் பிரதி பளிச்சென்று இருக்கிறது. அதில் பாலக்காட்டு மணி ஐயராக, சிரிக்க வைக்கும் எண்ணமே தனக்கு இல்லாதவர்போல, ஒவ்வொரு வரியையும் வாழ்க்கைப் பிரச்சினையாக எண்ணி அவர் பேசுவதால்தான் கிரேசி மோகனின் வசனம் அத்தனை வேகமாகப் பற்றிக்கொள்கிறது. வசன வரிகளோ அவருடைய முணுமுணுப்புகளை அடியோடு விட்டுவிட்டு, பாலக்காட்டு வழக்கைச் செய்தி வாசிப்பாக மாற்றியிருக்கின்றன. தமிழ் தெரிந்தவர்கள் அவற்றை அணைத்துவிடலாம். தெரியாதவர்களுக்கு அவர் ஏன் கொண்டாடப்படுகிறார் என்பதே விளங்காது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் வில்லன்கள் நால்வரில் ஒருவரான பிரான்சிஸ் அன்பரசுவும் இவரே. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்குமாறு அந்தத் தளம் ஒரு தொகுப்பாகத் தந்திருக்கலாம். அப்படி எந்தத் தொகுப்பும் அங்கே இல்லை.

பெரிய இழப்பு மேடைப் பக்கம்தான். நாடகப் பதிவு ஒன்றுகூட இல்லை. விசுவின் நாடகத்தை கே. பாலசந்தர் படமாக்கிய 'பட்டினப் பிரவேசம்' (1977) கூடக் கிடைக்கவில்லை. கணேசன் என்ற நாடக நடிகர் டெல்லி கணேஷ் என்ற பெயரோடு திரையில் நுழைந்த அந்தப் படம் இல்லாமல், 2024 நவம்பரில் மறையும் வரை நீண்ட அவருடைய பயணத்தை நடுவிலிருந்துதான் தொடங்க முடிகிறது.

படங்களின் பெயர்களை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு மாதச் சந்தா வீண்போகாது. விவரக் குறிப்புகளைத் திருத்தி, 'பசி'க்கு நல்ல பிரதி ஒன்றைத் தேடிப் போடும் வரை ஆண்டுச் சந்தா கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.