காட்பாடி டீக்கடையில் ஐஸ் ஹாக்கி

விடியற்காலை நாலரைக்கு காட்பாடி ஸ்டேஷன் பக்கம் டீ கிடைப்பது பெரிய விஷயமில்லை, ஆனால் டிவியில் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பை பிளேஆஃப் (நாக்-அவுட் சுற்றுகள்) ஓடுவது எனக்குத் தெரிந்து இந்த ஒரு கடையில்தான். கடைக்காரர் ரிட்டயர்டு பி.டி. வாத்தியார், ஒரு காலத்தில் பள்ளிப் பசங்களுக்கு ஹாக்கி கோச். "நாலு சுத்து தம்பி, சுத்துக்கு நாலு மேட்ச், மொத்தம் 16 ஜெயிச்சாதான் கப்பு" என்று சொல்லிக்கொண்டே ஆற்றுவார், கண் மட்டும் டிவியில்.

ஐஸ் ஹாக்கி கோச் ஸ்காட்டி போமன் பேச்சை எடுத்தால் உங்கள் டீ ஆறிவிடும். கோச்சாக 9 கோப்பை, 2002-இல் டெட்ராய்ட் டீமோடு ஜெயித்த கையோடு ரிட்டயர்மென்ட், அப்புறமும் சும்மா இருக்காமல் 2008-இல் சிகாகோ டீமுக்கு ஆலோசகர். "நான் டீ ஆத்துறேன், அவ்வளவுதான் வித்தியாசம்" என்பார்.

டீயில் இஞ்சி தூக்கல், எனக்குப் பிடிக்கும். வடை ஆறு மணிக்கு மேல்தான்.

குறை, நெட். ஓவர்டைமில் அடுத்த கோல் விழுந்தால் ஆட்டம் முடிந்தது, அந்த நேரம் பார்த்து படம் நின்றுவிட்டது, திரும்ப வந்தபோது இரண்டு டீமும் வரிசையில் நின்று கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். சரி, மே மாத வேலூரில் ஐஸைப் பார்த்தாலே பாதி புண்ணியம். பார்சல் மட்டும் வேண்டாம், பிளாஸ்டிக் கவரில் ஊற்றித் தருகிறார்.